ஃப்ளெக்ஸில் ஏறிய இரண்டு எழுத்து

தீபாவளிக்கு முன்னால் தன் மனைவியின் பெயர் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் தொங்கியே தீர வேண்டும் என்று பூலோகம் முடிவெடுத்தான். சும்மா பெயரா? ஆள் உயரத்துக்கு எழுத்து, சுற்றிலும் சீரியல் பல்பு.

அவனுக்கு இது ஒரு வேலையே இல்லை. அந்த ரோட்டில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை அவனுடையது. தாராவியில் கம்பத்துக்குக் கம்பம் கைகூப்பிச் சிரிக்கிற முகங்களில் பாதி அவன் மெஷினிலிருந்து வெளியே வந்தவை. ஊரான் முகத்தையெல்லாம் ஆகாசத்தில் ஏற்றியவன், கட்டின பெண்டாட்டி பெயரை ஏற்றக்கூடாதா?

அதுவும் எப்பேர்ப்பட்ட பெண்டாட்டி! இசக்கிசெல்வி பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. முடித்த கையோடு கல்யாணமாகி பம்பாய் வந்தவள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. உணவியலில் சேர்ந்துவிட்டாள். குக்கரின் ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவே ஒரு வைட்டமினைப் படித்து முடிப்பாள். பூலோகமோ பத்தாம் வகுப்போடு மோதிப் பார்த்து, அது அசையவில்லை என்று தெரிந்ததும் மரியாதையாக விலகிக்கொண்டவன். தன் வீட்டிலேயே ஒருத்தி பாஸாகிக்கொண்டே போவது அவனுக்கு அதிசயமாக இருந்தது. கடைக்கு யார் வந்தாலும், அளவு கேட்பதற்கு முன்னால் மனைவியின் மார்க்கைச் சொல்லிவிடுவான்.

இப்போது அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் உணவுப் பிரிவில் பயிற்சியில் இருந்தாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் டிசைனை மொபைலில் காட்டினான்.

“எப்படி? ‘டயட்டீஷியன் இசக்கிசெல்வி, எம்.எஸ்சி., ஆர்.டி.’”

“கடைசியில அது என்ன ஆர்.டி.?”

“நீதான சொன்ன, பரீட்சை எழுதினா ‘ரிஜிஸ்டர்ட் டயட்டீஷியன்’னு அந்த ரெண்டு எழுத்து கிடைக்கும்னு?”

“எழுதினா கிடைக்கும். நான் இன்னும் எழுதலியே.”

“எழுதினா பாஸாகத்தான போற? ஃபெயிலாகுத ஆளா நீ? எனக்கு நம்பிக்கை இருந்துச்சு, போட்டுட்டேன்.”

“உங்க நம்பிக்கைக்கு சர்டிபிகேட் தர மாட்டாங்க. பி.எஸ்சி., எம்.எஸ்சி., அதுக்கு மேல ஆஸ்பத்திரியில ஆறு மாசம். அத்தனையும் முடிச்சாத்தான் பரீட்சை ஹாலுக்குள்ளயே விடுவாங்க.”

“சமோசா தின்னாதன்னு சொல்லுததுக்கு இவ்வளவு படிப்பா?”

“தின்னாதன்னு யாரும் சொல்லலாம். யாரு எதைத் தின்னலாம்னு சொல்லத்தான் படிப்பு.”

“எனக்குத் தெரிஞ்ச ஆர்.டி. போஸ்ட் ஆபீஸ்லதான் இருக்கு. மாசாமாசம் கட்டுவோமே.”

“இதுவும் அதேதான். முழுசாக் கட்டி முடிச்சாத்தான் கைக்கு வரும். நடுவுல உருவப்படாது.”

பூலோகம் விடவில்லை. “ஜிம் வச்சிருக்கானே மகேஷ்குமார், அவனைப் பாரு. சனி, ஞாயிறு போன்ல ஏதோ பாடம் பாத்தான். திங்கக்கிழமை எங்கிட்டயே வந்து ‘நியூட்ரிஷனிஸ்ட்’னு போர்டு அடிச்சிட்டுப் போறான். யாரு கேட்டா?”

“யாரும் கேக்க மாட்டாங்க. அதனாலதான் நம்மள நாமளே கேட்டுக்கிடணும்.”

பூலோகத்துக்கு மெய் சிலிர்த்தது. இப்படிப்பட்ட நேர்மைக்காரிக்கு போர்டு வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது? மறுநாள் அவள் டூட்டிக்குக் கிளம்பியதும், ஏணி போட்டு மாட்டிவிட்டான்.

பல்பு எரிந்த சூடு ஆறுவதற்குள் முதல் ஆள் வந்துவிட்டார். தோல் பை வியாபாரம் செய்கிற அப்துல் ரவூப் பாய். கூட அவர் மனைவி பீவி.

“பூலோகம், உடம்பு ஒரே அசதியா இருக்குப்பா. தெம்பா என்ன சாப்பிடணும்னு உங்க வீட்டுல கேட்டுச் சொல்லேன்.”

பூலோகம் போன் போட்டான். வார்டில் இருக்கும்போது செல்வி போனைத் தொடமாட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது எந்தத் தொழிலுக்கும் ஆகாது என்பது அவன் கொள்கை. குக்கர் விசில் இடைவெளிகளில் அவள் வாய்விட்டுப் படித்ததில் பாதி அவன் காதிலும் விழுந்திருக்கிறது அல்லவா?

“தெம்புதான பாய்? காலையில ஒரு இளநீர், சாயங்காலம் ஒரு இளநீர். வாழைப்பழம் எத்தனை முடியுமோ அத்தனை. ஒரு கை பேரீச்சம்பழம். மேடம் சொன்னதாவே வச்சுக்கிடுங்க.”

பாய் வாழ்த்திவிட்டுப் போனார். பூலோகம் தனக்கே ஒரு ஸ்பெஷல் டீ சொல்லிக்கொண்டான்.

சாயங்காலம் செல்வி வந்தாள். ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டு, பூலோகம் முதல் வைத்தியத்தை விலாவாரியாகச் சொன்னான்.

“ரிப்போர்ட் பாத்தியளா?”

“இல்ல.”

“என்ன மாத்திரை சாப்பிடுதாரு?”

“கேக்கல.”

“கால்ல வீக்கம் உண்டா?”

“செருப்பைக் கையில பிடிச்சிட்டு வந்தாரு. கடிச்சிருக்கும்னு நினைச்சேன்.”

“வேற என்ன சொன்னாரு?”

“கிட்னி டாக்டரை மறுபடி போய்ப் பாக்கணும்னு...”

அவள் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போன பூலோகத்துக்கு விளக்கம் துண்டுதுண்டாகக் காதில் விழுந்தது. “இளநீரும் பழமும் பொட்டாசியம். கிட்னி நல்லா இருந்தா வெளியேத்திரும். கெட்டிருந்தா ரத்தத்துலயே தங்கும். அளவு மீறினா இதயத்தைப் பிடிக்கும்.” அவனுக்கு அப்போதே தன் இதயத்தை ஏதோ பிடித்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பீவி இரண்டாவது இளநீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். செல்வி டம்ளரை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதட்டல் இல்லை, பதற்றம் இல்லை. ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தாள். மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள்.

“ரெண்டு சப்பாத்திம்மா.”

“எந்தத் தட்டுல, பாய்? அந்தத் தட்டையே காட்டுங்களேன். பருப்பு எந்தக் கிண்ணம்? ஊறுகாய் தொட்டுக்கிட்டியளா, போட்டுக்கிட்டியளா?”

இரண்டு சப்பாத்தி நாலாயிற்று. ஊறுகாய் வெளியே வந்தது. ஊறுகாய்க்குப் பின்னால் அப்பளம் வந்தது. அப்பளத்துக்குப் பின்னால் கருவாடு வந்தது. பாய்க்குக் கோபமே வரவில்லை, தன் மகளிடம் பேசுகிற மாதிரி எல்லாவற்றையும் கொட்டினார். வாசலில் நின்று பார்த்த பூலோகம் அசந்துபோனான். இத்தனை வருஷப் படிப்பு எங்கே போயிற்று என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. அவள் சொன்னதைவிடக் கேட்டதுதான் அதிகம்.

கடைசியில் செல்வி சொன்னாள்: “பாய், நான் இன்னும் பயிற்சியிலதான் இருக்கேன். அந்த போர்டு தப்பு. இளநீர், பழம், பேரீச்சை எல்லாத்தையும் இப்பவே நிறுத்திருங்க. எங்க ஆஸ்பத்திரி மேடத்துட்ட பேசுதேன்.”

அங்கிருந்தே போன் போட்டாள். தாமதிக்க வேண்டாம் என்று மேடம் சொல்ல, பாயை அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் கொஞ்சம் ஏறியிருந்தது, அபாயத்துக்குப் போகவில்லை. டாக்டர் பார்த்து அனுப்பினார். “நல்ல நேரத்துல நிறுத்தினீங்க” என்று அவர் செல்வியிடம் சொன்னது பூலோகத்தின் காதில் விழுந்தது. பெருமையும் அவமானமும் ஒரே நேரத்தில் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஏணியைப் போட்டு ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டான். செல்வி திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. மறுநாளும் திட்டவில்லை.

அந்த வாரக் கடைசியில், சாப்பாடு போட்டுக்கொண்டே அன்பாகக் கேட்டாள்:

“ஏங்க, எங்க டிபார்ட்மெண்டுல எல்லாருக்கும் உங்களைக் காட்டணும்னு ஆசையா இருக்கு. வருவியளா?”

“என்னையா?”

“மேடம் நாலு கேள்வி கேப்பாங்க. எல்லார் முன்னாடியும் பதில் சொல்லுவியளா?”

“நாப்பது கேக்கட்டும்ட்டி!”

மனைவியைப் படிக்க வைத்த மகானுபாவன் என்று மாலை போடப்போகிறார்கள். அவனுக்குச் சந்தேகமே இல்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அளவாக சென்ட். போனால், ஒரு வகுப்பு நிறையப் பயிற்சிக்கு வந்த பெண்பிள்ளைகள். முன்னால் ஒரு நாற்காலி. மேஜை மேல் அளவு காட்டுவதற்காக ரப்பரில் செய்த இட்லி, வடை, சப்பாத்தி, அடுக்கடுக்காகக் கிண்ணங்கள். மாலையைக் காணோம்.

தலைமை டயட்டீஷியன் விஜயலட்சுமி மாட்டுங்காக்காரர். கும்பிட்டு உட்கார வைத்தார்.

“நேத்திக்கு என்னெல்லாம் சாப்பிட்டேள்?”

“காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு. ராத்திரி ரெண்டு சப்பாத்தி. அவ்வளவுதான் மேடம்.”

செல்வி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப நல்ல பழக்கம். கடைக்கு வர்றவாளை உபசரிப்பேளோ?”

“அதுல குறையே வைக்க மாட்டேன்.”

“என்ன வாங்கித் தருவேள்?”

“அரை கிளாஸ் கட்டிங் சாய், பன்னுக்குள்ள வடை வச்ச ஒரு வடா பாவ்.”

“அவா சாப்பிடுறச்சே நீங்க சும்மா பார்த்துண்டிருப்பேளா?”

“அது மரியாதையா இருக்காதே மேடம்!”

வகுப்பில் பேனாக்கள் ஓட ஆரம்பித்தன.

“நேத்திக்கு எத்தனை பேர் வந்தா?”

சீசன் நேரம். கூட்டமான கூட்டம். ஒரு பெண் ரப்பர் வடையைத் தட்டில் எடுத்து வைத்தாள். பிறகு இன்னொன்று. இன்னொன்று. தட்டு போதாமல் அடுத்த தட்டு வந்தது. “காகா, சோறு எந்தக் கிண்ணம்?” என்று வேறொருத்தி, மராத்தி வழக்கப்படி சித்தப்பா முறை வைத்துக் கேட்டாள். முதல் கிண்ணத்துக்குத் தலையாட்டினான். “அதுல குழம்பு ஊத்த இடம் இருக்குமா காகா?” இல்லைதான். அடுத்ததிலும் இல்லை. அப்படியே நகர்ந்து நகர்ந்து, மேஜைக் கோடியில் பரிமாறுவதற்கு வைத்திருந்த பாத்திரத்தில் போய் நின்றது அவன் விரல்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் குற்றம் சொல்லவில்லை. அத்தனை மரியாதையாக அவனை உரித்து எடுத்தார்கள். வெளியே வரும்போது, எடை பார்க்க ஒரு தேதி, ரத்தம் கொடுக்க ஒரு தேதி, வடா பாவுக்கு விடை.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் செல்வியிடம் கேட்டான்.

“மேடம் என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?”

“ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. எல்லா பேஷண்டும் கொஞ்சம் மறைப்பாங்களாம். ஆனா பாடம் நடத்துத அளவுக்கு இவ்வளவு சுத்தமாப் பொய் சொல்லுத ஆளு இதுவரைக்கும் கிடைக்கலியாம்.”

“அப்புறம்?”

“ஒவ்வொரு பேட்சுக்கும் வருவாரான்னு கேட்டாங்க. வருவாருன்னு சொல்லிட்டேன்.”