கறுப்பு பூட்ஸ் முப்பத்தாறு ஜோடி

"பக்கத்துல பதினெட்டுன்னு இருக்கு சார். போட்டுப் பார்த்தா பத்தொன்பது வருது" என்றாள் டெஸ்டர்.

கமா சாருக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை காலை. நாற்காலியில் இன்னும் முழுதாக உட்காரக்கூட இல்லை.

"எந்தப் பக்கம்?"

"சராசரி பக்கம்."

அவர் வேலை பார்த்தது ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில். கூட்டுவது, தேடுவது, வரிசைப்படுத்துவது என்று அந்த மென்பொருளில் முந்நூற்று நாற்பது ஃபார்முலாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெல்ப் பக்கம். இதை எப்படி எழுத வேண்டும், எழுதினால் என்ன விடை வரும் என்று ஒரு விளக்கமும் ஓர் உதாரணமும் இருக்கும். முந்நூற்று நாற்பதையும் எழுதியவர் அவர்தான்.

கமா என்பது அலுவலகம் வைத்த பெயர். ஓய்வு பெற்றுப் போன ஒருவர் கண்கலங்க எல்லோருக்கும் எழுதிய நன்றிக் கடிதத்தில், ஏழு இடத்தில் கமா போட்டு, அவர் லிஃப்டில் ஏறுவதற்குள் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தவர் நம் ஆள். அன்றிலிருந்து கமா சார்.

எல்லாப் பக்கங்களிலும் உதாரணத்துக்கு வருவது ஒரே அட்டவணைதான். ஒரு செருப்புக்கடையில் எந்த வகை எத்தனை ஜோடி இருக்கிறது என்ற பன்னிரண்டு வரிப் பட்டியல். ஒரே அட்டவணையை வைத்து எல்லா ஃபார்முலாவையும் விளக்கலாம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதைப் பற்றி அவர் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை, கேட்டவர்களைத் தவிர. கேட்காதவர்களிடம் எப்போதாவது.

"பதினெட்டைப் பத்தொன்பதுன்னு மாத்திட்டா முடிஞ்சுது சார். ஒரு நிமிஷ வேலை" என்றாள் டெஸ்டர். எட்டு வருஷமாக அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள். அநாவசியமாக ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

"பக்கம் தப்பா இருக்காதும்மா."

"இருக்கே சார்."

"நான் எழுதின பக்கம். மூணு தடவை சரிபார்த்திருக்கேன். அட்டவணையிலதான் யாரோ கை வச்சிருக்காங்க."

அவர் அட்டவணையைத் திறந்து பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே போனார். கறுப்பு பூட்ஸ், முப்பத்தாறு ஜோடி. அங்கே பேனா நின்றது.

"முப்பத்தாறு ஜோடி கறுப்பு பூட்ஸ் எந்தக் கடையில வச்சிருப்பான்? இது இருபத்துநாலா இருந்திருக்கும். பன்னிரண்டைக் குறைச்சா சராசரி பதினெட்டு வருதா இல்லையா, பாரு."

வந்தது. டெஸ்டர் தூரத்தில் கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் அம்மா ஏனோ சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை புதுப் பதிப்பு வெளியாகிறது. அதற்குள் பிழைப் பட்டியலில் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. அதே வெள்ளிக்கிழமை காலை கமா சார் அரை நாள் லீவு சொல்லியிருந்தார். அன்று பதினொரு மணிக்கு அவர் மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட்.

நாலாவது டெஸ்ட். அந்த அம்மாள் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்த்தார். ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வீட்டில் கார் சும்மா நின்றது. இந்தத் தடவையும் போனால் அடுத்ததற்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று டெஸ்ட் எடுக்கும் ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

முந்தைய மூன்று தடவையும் கமா சார் கூடவே போயிருந்தார். முதல் தடவை வேலிக்கு வெளியே நின்று, இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று கையால் காட்டினார். மனைவி கையைப் பார்த்து ஓட்டி, நட்டு வைத்திருந்த கம்பு மூன்றைச் சாய்த்தார். இரண்டாம் தடவை "கண்ணாடியைப் பாரு!" என்று கத்தினார். மனைவி பதறி பிரேக்கை மிதித்ததில் தேர்வாளரின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. மூன்றாம் தடவை, தேர்வாளர் கையிலிருந்த படிவத்தில் ஆறுக்குப் பிறகு எட்டு வருகிறது, ஏழைக் காணோம் என்று எட்டிப் பார்த்துச் சொன்னார். அது உண்மைதான். ஆனாலும் தேர்வாளர் அன்றைக்கு அதற்கப்புறம் யாரையும் பாஸ் போடவில்லை.

'நான் போனதால்தான் அந்த அளவுக்காவது ஓட்டினாள்' என்பது கமா சாரின் கட்சி.

"இந்தத் தடவை நீங்க சிரமப்பட வேணாமே. ஆபீஸ்ல வேலை இருக்கும்" என்றார் மனைவி, திங்கட்கிழமை சாயங்காலம்.

"என்ன வேலை இருந்தா என்ன? உன்னைத் தனியா விடுவேனா?"

மனைவி பெருமூச்சு விட்டார். எவ்வளவு நல்ல மனசு இவளுக்கு என்று கமா சார் உருகிப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை டெஸ்டர் வந்து நின்றாள்.

"நாற்பத்தொண்ணு சார்."

"என்ன நாற்பத்தொண்ணு?"

"தப்பு. கறுப்பு பூட்ஸைக் குறைச்சீங்களே, அதனால கூட்டல் பக்கம் தப்பு. பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கிற பக்கம் தப்பு. முப்பத்தாறுதான அதுல விடை? வரிசைப்படுத்துற பக்கம் தப்பு. இப்படியே நாற்பத்தொண்ணு."

"இதெல்லாம் தப்பான அட்டவணையை வச்சு எழுதின பக்கம். இப்பத்தான் வெளியில வருது."

"அந்தப் பக்கமும் நீங்க எழுதினதுதான் சார்."

கமா சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்பத்தொரு பக்கத்தையும் மாலைக்குள் திருத்தி முடித்தார். மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமல் வீட்டுக்குத் திரும்பியது.

"சரியாயிடுச்சா?" என்றார் மனைவி. குரலில் அப்படி ஒரு கவலை.

"ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை கண்டிப்பா வரேன்."

மனைவியின் முகம் வாடிப்போனது. பாவம், டெஸ்ட் என்றாலே பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை புது இருபத்தொன்பது முளைத்திருந்தது. கறுப்பு பூட்ஸ் இப்போது இருபத்துநாலு. குழந்தைகள் சாண்டலும் ஏற்கெனவே இருபத்துநாலு. 'இருபத்துநாலு ஜோடி இருப்பது எது?' என்று தேடச் சொன்ன பக்கமெல்லாம் சாண்டலைக் கேட்டால் பூட்ஸை எடுத்துக் கொடுத்தது.

"பழைய அட்டவணையையே போட்டுரலாமே சார்" என்றாள் டெஸ்டர். "பிரதி இருக்கும்ல?"

"இருந்தது. யாராவது தெரியாம அதை எடுத்துப் போட்டுடுவாங்கன்னு, அதையும் நேத்தே திருத்திட்டேன்."

டெஸ்டர் எட்டு வருஷத்தில் முதல் தடவையாக நெற்றியில் கை வைத்தாள்.

"ரெண்டு இருபத்துநாலு இருக்கக்கூடாது, அவ்வளவுதான?" என்றார் கமா சார். "சாண்டல்ல ஒண்ணைக் குறைச்சு, நீலச் செருப்புல ஒண்ணைக் கூட்டிடுறேன். சராசரி அசையாது. எப்படி?"

சராசரி அசையவில்லை. மற்றதெல்லாம் அசைந்தது. சாயங்காலம் பட்டியல் எண்பத்தேழில் நின்றது.

"எண்பத்தேழா!" என்றார் மனைவி. உடனே எழுந்து போய் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். "நல்லாச் சாப்பிடுங்க. உடம்பைப் பாத்துக்குங்க. அவசரமே இல்லாம நிதானமாப் பண்ணுங்க."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இப்படி ஓர் அன்பை கமா சார் பார்த்ததில்லை. இவளுக்காக மலையையே புரட்டலாம் என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தார். தரை துடைப்பவர்கூட வரவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருத்தி, விடையைப் போட்டு, சரிபார்த்து, மதியம் இரண்டு மணிக்கு எண்பத்தேழும் தீர்ந்தது. டெஸ்டர் சோதித்துப் பார்த்தாள். பூஜ்ஜியம்.

"பாத்தியா?" என்றார் கமா சார்.

"பாத்தேன் சார். அப்படியே எழுந்து வீட்டுக்குப் போயிடுங்க. எதையும் தொடாதீங்க" என்றாள் டெஸ்டர். அவள் குரலில் உண்மையான பரிவு இருந்தது.

அத்தோடு எழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். முதலில் அட்டவணையில் கை வைத்தவன் மறுபடியும் வைத்தால்? வெள்ளிக்கிழமை காலை தான் வேலிப் பக்கம் நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் வைத்தால்? வரும் முன் காப்பது நல்லதில்லையா? அட்டவணையைத் திறந்து, உச்சியில் புதிதாக ஒரு வரி சேர்த்து, சிவப்பு எழுத்தில் போட்டார்:

'எச்சரிக்கை: இந்த அட்டவணையில், யாரும், எதையும், மாற்றக்கூடாது.'

நாலு மணிக்கு டெஸ்டர் வந்தாள். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். முந்நூற்றுப் பதின்மூன்று தப்பு, ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று என்று.

உச்சியில் ஒரு வரி ஏறியதும் மொத்த அட்டவணையும் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. 'மூன்றாவது வரியை எடு' என்று சொல்லும் ஒவ்வொரு பக்கமும் இப்போது பழைய இரண்டாவது வரியை எடுத்தது. கறுப்பு பூட்ஸைக் கேட்டவனுக்கு ரப்பர் செருப்பு கிடைத்தது. இரண்டாவது வரியைக் கேட்டவனுக்குச் செருப்புக்குப் பதில் 'வகை, எத்தனை ஜோடி' என்ற தலைப்பு வந்தது. முதல் வரியைக் கேட்டவனுக்கு எச்சரிக்கை வந்தது.

"அந்த வரியை எடுத்துட்டா?" என்றார் கமா சார் ஈனசுரத்தில்.

"நீங்க அதை வச்ச உடனே, அதுக்கேத்த மாதிரி ஒரே அடியாப் பாதிப் பக்கத்துல வரி எண்ணை மாத்திட்டீங்க சார். இப்ப எடுத்தா அந்தப் பாதி தப்பாகும், வச்சா இந்தப் பாதி தப்பாகும்."

வெள்ளிக்கிழமை காலை பத்தரை. மேனேஜர் அம்மா கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, "பட்டியல் இப்படி இருக்கும்போது எப்படிப் போவீங்க சார்?" என்றார். கேட்ட விதத்தில் கோபமே இல்லை. கமா சாருக்கு அதுதான் இன்னும் வலித்தது.

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். பதினாறு வருஷத்தில் மனைவி கேட்டு இவர் செய்யாத காரியம் நிறைய உண்டு. இவராகச் செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாதது இதுதான் முதல்.

"நான் வர முடியலம்மா."

மறுமுனையில் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"அழாதம்மா" என்றார் கமா சார்.

"அழலங்க."

"முதல்ல கண்ணாடி. அப்புறம் பெல்ட். அப்புறம் இண்டிகேட்டர். திருப்பும்போது..."

"கூப்பிடுறாங்க, வச்சிடுறேன்" என்று மனைவி வைத்துவிட்டார். மணி பத்து முப்பத்தைந்துதான் ஆகியிருந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் கமா சார் ஒரு பக்கமும் திருத்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். அவள் இப்போது வளைவில் இருப்பாள். இப்போது பின்னால் எடுப்பாள். கை காட்ட ஆளில்லாமல் தவிப்பாள். தன் பிடிவாதத்தால் அவளுக்கு ஆறு மாதம் வீணாகப் போகிறது என்று நினைக்க நினைக்க, அந்தச் செருப்புக்கடையையே தீ வைத்துக் கொளுத்தலாம் போல இருந்தது.

பதினொன்றே முக்காலுக்குப் போன் அடித்தது.

"பாஸ்!" என்று மனைவி கத்திய கத்தல் பக்கத்து மேசைவரை கேட்டது. "ஒரு தப்புகூட இல்லையாம்! இந்த மாசத்துலயே நான்தான் நல்லா ஓட்டினேன்னு அந்த மனுஷனே சொன்னாருங்க!"

கமா சாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து நின்று மாடி முழுக்கக் கேட்கும்படி "பாஸ் பண்ணிட்டா!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் அம்மா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். தட்டி முடித்ததும் நேராக அவர் மேசைக்கு வந்து ஒரு பென்டிரைவை வைத்தார்.

"திங்கட்கிழமை காலையில எடுத்து வச்ச பிரதி சார். அட்டவணை, பக்கம் எல்லாம் இதுல பழையபடி இருக்கு. போட்டுக்குங்க."

"இது உங்ககிட்டயா இருந்தது? ஏன் மேடம் முன்னாடியே சொல்லல?"

"ஒரு மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிட்டு மேனேஜர் அம்மா வேகமாகப் போய்விட்டார்.

ஐந்து நிமிஷத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது. கறுப்பு பூட்ஸ் முப்பத்தாறு ஜோடி. முந்நூற்றுப் பதின்மூன்று மறைந்து, பட்டியலில் ஒன்றே ஒன்று நின்றது. சராசரி பக்கத்தில் அதே பதினெட்டு.

இந்தத் தடவை கமா சார் வாதாடவில்லை. பதினெட்டை அழித்துப் பத்தொன்பது என்று அடித்தார். பூஜ்ஜியம். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சந்தோஷம்தான், இருந்தாலும் மனசின் ஓரத்தில் ஒன்று குறுகுறுத்தது.

"நான் இல்லாமலே பாஸ் பண்ணிட்டா பாரேன்" என்றார். பிறகு திரையைக் காட்டி, "ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. மூணு தடவை சரிபார்த்த பக்கம். இந்தப் பதினெட்டு எங்கேருந்து வந்திருக்கும்?" என்று கேட்டார்.

டெஸ்டர் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை உங்களை எப்படியாவது இங்கயே புடிச்சு வைங்கன்னு, உங்க வீட்டம்மா மேடம்கிட்ட கெஞ்சிக் கேட்டு வாங்கினது அந்த ஒரே ஒரு தப்புதான் சார், மிச்சம் அத்தனையும் நீங்களே போட்டது."