பதிவேட்டில் ஏறிய தவளை

இந்தத் தீவிலேயே, கூட்ட மறுத்ததால் புகழ்பெற்ற ஒரே துப்புரவுத் தொழிலாளி எங்கள் சருகண்ணைதான். சத்தியமாகச் சொல்கிறேன், வேறொருவர் இருந்தால் காட்டுங்கள்.

கண்டியில் மலைச்சரிவில் இருக்கும் ஒரு சின்ன நூதனசாலையில் நான் பொருட்பதிவேடு எழுதும் இலிகிதர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த முதல் நாள் பார்க்கிறேன், உள்ளே பாடம்செய்த மிருகங்களின் கண்ணாடிப் பெட்டிகள் மினுங்குகின்றன. பின்வளவிலோ முழங்காலளவு சருகு!

"அண்ணை, இதைக் கூட்டேல்லையோ?"

துடைப்பத்தோடு நின்ற துப்புரவுத் தொழிலாளி, ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துக்காரர், இடுப்பில் கை வைத்தார். "மிஸ், உள்ள இருக்கிறதெல்லாம் செத்தது. அதத் தொடைக்கிறேன். இங்க இருக்கிறது உசிரோட இருக்கு. அதுக வீட்ட நானே பிரிக்கிறதா?"

அன்றே அவருக்குச் 'சருகண்ணை' என்று பெயர் வைத்துவிட்டேன்.

அந்தச் சருகுக்குள் ஒரு சின்னத் தவளை குடியிருந்தது. குளம் குட்டை தேடாத இனம். ஈரச் சருகடியில் முட்டையிடும். வாலோடு நீந்தும் வாற்பேத்தை என்ற பேச்சே இல்லாமல் நேரே குட்டித் தவளை வரும். வருகிறவர்களையெல்லாம் மறித்துச் சருகண்ணை இதைச் சொல்வார். படம் பிடிக்க வந்த கல்யாணச் சோடியொன்று, தாலி கட்டிய கையோடு அரை மணித்தியாலம் தவளைப் பிரசவம் கேட்டுவிட்டுப் போனது.

பிறகுதான் வந்தது வினை. பஸ் நிறுத்தப் பின்வளவுக்குக் கொங்கிரீட் போடப்போவதாகப் பொறுப்பதிகாரி சொன்னார். திகனக்காரர், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பவர், நல்ல மனிதர், எதையும் சட்டப்படி செய்கிறவர். சருகண்ணை அன்று சோற்றுப் பார்சலைத் திறக்கவே இல்லை.

மறுநாள் பதிவேட்டைத் திறந்தேன். ஐயோ! நான் சாப்பிடப் போன நேரத்தில் சருகண்ணை கொட்டை எழுத்தில் ஏற்றியிருந்தார்: பலாமரம் ஒன்று. கித்துள்மரம் ஒன்று. தவளை ஒன்று. 'நிலைமை' என்ற இடத்தில், தவளைக்கு நேரே, 'நல்ல சொகம். கொஞ்சம் கூச்ச சுபாவம்.'

முன்பொரு தரம், உட்கார உதவாத, கால் உடைந்த கதிரையொன்றை அடுப்புக்கு வெட்டிவிட்டு, விளக்கக் கடிதம் எழுதி எழுதிக் களைத்தவர் அவர். பதிவேட்டில் ஏறிய பொருளை, குழு வந்து பார்த்துக் கையெழுத்து வைக்காமல் அகற்ற முடியாது என்பதை அன்று கற்றிருக்கிறார்.

"அண்ணை, என்ர வேலையும் போகப்போகுது!"

"பயப்படாதீங்க மிஸ். கால் ஒடஞ்ச கதிரைக்கே கமிட்டி வந்துச்சில்ல? தவளைக்கு நாலு காலும் நல்லா இருக்கு."

பக்கத்தைக் கிழிக்க முடியாது. குழு வந்தது, பொறுப்பதிகாரியோடு மூன்று பேர். மரங்களைச் சுற்றிக் கொங்கிரீட் போடலாம், ஆனால் தவளை இருந்தால் சருகையும் தொட முடியாது. இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

இரண்டு வாரமாக மழை இல்லை. தவளையைக் காணோம். சருகண்ணை பூவாளியால் தண்ணீர் தெளித்தார். "மழைன்னு நெனச்சு வந்துரும் சேர்," என்றார் பொறுப்பதிகாரியிடம். வரவில்லை. "வா சாமி, ஒருதடவ மூஞ்சியக் காட்டிட்டுப் போயிரு," என்று சருகருகே குனிந்து கெஞ்சினார்.

களைத்துப்போய்க் குந்திய பொறுப்பதிகாரி, சும்மா ஒரு பலா இலையைத் தூக்கினார்.

"யா அல்லாஹ்! இந்தா ஈக்கி!"

அரிசிமணி அளவில், அப்போதுதான் முட்டை விட்டு வந்த குட்டிகள்! பதினொன்று வரை எண்ணினோம். பிறகு அவை குதித்து எண்ணிக்கையைக் குழப்பிவிட்டன.

அவர் எழுந்து காற்சட்டையைத் தட்டினார். "மிஸ், எழுதுங்க. பதிவேட்டுல ஒண்டுதான் ஈக்கி. இங்க கூடுதலா ஈக்கி. கூடின சாமான எந்தச் சட்டத்துல வெட்டுற?"

மூன்று பேரும் கையெழுத்து வைத்தார்கள்.

இப்போது பஸ் கீழே வீதியில் நிற்கும். வத்தேகமப் பள்ளிப் பிள்ளைகள் நடந்து ஏறி வந்து, உள்ளே செத்ததைப் பார்த்துவிட்டுப் பின்வளவில் உயிரைப் பார்க்கக் குந்துவார்கள். தவளைப் பிரசவத்தைப் பொறுப்பதிகாரியே விளக்குகிறார், சருகண்ணையைவிட நீட்டி. கூட்டாத வளவைப் பார்க்க மற்ற நூதனசாலைக்காரர்களும் வருகிறார்கள். எங்களுக்கு அதில் பெருமை கொஞ்சமல்ல.

சருகண்ணை ஓய்வு பெற்றுவிட்டார். இந்த ஆண்டுப் பதிவேட்டுச் சரிபார்ப்பு அன்று, ஹேவாஹெட்ட பஸ்ஸில் வந்து இறங்கிப் படியேறி மூச்சு வாங்க நின்றார்.

"தவளை?" என்றேன், பேனாவோடு.

"உண்டு மிஸ். சத்தம் கேக்கலயா?"

சரி போட்டேன். பிறகு அவரை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்துவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: அண்ணை ஒன்று. நல்ல சுகம்.