குறிப்புப் பெட்டியில் நான் எழுதியவை

ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் என்ற தைரியத்தில் இதைச் சொல்கிறேன். எத்தனையோ ஆய்வேடுகளுக்கு நானே தேர்வாளனாக இருந்திருக்கிறேன். துணைநூற்பட்டியல் வந்ததும், எத்தனை பக்கம் என்று விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவேன். மற்றவர்களும் என்னைப் போலச் சோம்பேறிகள்தான் என்று எழுபத்தோரு வயதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை என் மருமகளின் முனைவர் பட்டத்தைக் குழிதோண்டிப் புதைக்கப் பார்த்தது.

மருமகள் பெயர் கௌசல்யா. போடியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறாள். சிலமலை போன்ற சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களின் வாய்மொழி வரலாறுதான் அவளுடைய ஆய்வு. வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டே ஆறு வருடம் இதற்காக அலைந்தாள். அந்தப் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டு ஏறினாள். நாற்பது பேரிடம் பேசிப் பதிவு செய்தாள். எழுதி முடிக்கும் நேரத்தில் அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது.

"பட்டியல் வேலையை என்னிடம் விடும்மா" என்றேன் பெருந்தன்மையாக. அந்தக் காலத்தில் என் ஆய்வுக்கு நூல் விவரங்களையெல்லாம் அட்டைகளில் எழுதிச் செருப்புப் பெட்டியில் அடுக்கி வைத்த கதையைப் பதினேழாவது முறையாகச் சொன்னேன்.

"இப்ப அட்டையெல்லாம் இல்ல மாமா. எல்லாம் ஆன்லைன்ல" என்று மடிக்கணினியை என் முன்னால் வைத்தாள்.

அது ஒரு மேற்கோள் மென்பொருள். ஆசிரியர், நூல், ஆண்டு, பதிப்பகம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். நிரப்பினால் இணையத்தில் சேமித்துக்கொள்ளும். நான் வீட்டில் சேர்ப்பதை அவள் கல்லூரியில் இருந்தபடியே எடுத்துக்கொள்ளலாம். கட்டுரையின் நடுவே ஒரு பொத்தானை அழுத்தினால் மேற்கோள் தானாக உட்காரும். கடைசியில் இன்னொரு பொத்தானை அழுத்தினால் முழுப் பட்டியலும் அகரவரிசையில் வந்து நிற்கும். முதல் வாரம் அதை 'அந்தச் சனியன்' என்றேன். இரண்டாம் வாரம் 'நம்ம சாப்ட்வேர்' என்றேன். மூன்றாம் வாரம் கோவிலில் சந்தித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு வகுப்பே எடுத்தேன் (அதன் பிறகு அவர் வேறு வாசல் வழியாகப் போகிறார்).

ஒவ்வொரு பதிவின் அடியிலும் 'குறிப்பு' என்று ஒரு பெட்டி இருந்தது. அது என்னுடைய சொந்த இடம் என்று நினைத்துக்கொண்டேன். நூலகப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்குகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இங்கே பென்சில்கூட வேண்டாம். எழுதித் தள்ளினேன்.

மலையின் புவியியலைப் பற்றிய நூலுக்கு, 'ஆசிரியர் மலை ஏறினாரா என்பது சந்தேகம். ஏறியிருந்தாலும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.' இன்னொன்றுக்கு, 'முதல் அத்தியாயம் எட்டு எம்.எம். மற்றவை பொக்கு.' (எட்டு எம்.எம். சல்லடையில் நிற்கும் ஏலக்காய்தான் எங்கள் ஊரில் முதல்தரம். பொக்கு என்றால் உள்ளே விதை இல்லாத வெறுங்காய்.) கௌசல்யாவின் நெறியாளர் எழுதிய நூலுக்கு, 'நெறியாளர் எழுதியது என்பதால் சேர்க்கப்பட்டது. வேறு காரணம் தென்படவில்லை.' தோட்டத் தொழிலைப் பற்றி வெளியூர்ப் பேராசிரியை ஒருவர் எழுதியதற்கு, 'அம்மையாருக்கு ஏலக்காய் மரத்தில் காய்க்கும் என்ற எண்ணம் போலும்.'

நூல்கள் முடிந்து, பேட்டி கொடுத்த பெண்களின் விவரங்களைப் பதிய ஆரம்பித்தேன். பெயர், வயது, ஊர், பேசிய நாள். பதியும்போதே எழுத்தாக்கிய பேட்டிகளையும் படித்தேன். அதில் சிலமலை பேச்சியம்மாளின் பேட்டிதான் ஆய்வேட்டின் முதுகெலும்பு. ஓர் அத்தியாயம் முழுவதும் அவர் சொன்னதை வைத்தே நின்றது.

பேச்சியம்மாள் பதினாறு வயதில் நடந்ததைச் சொல்லியிருந்தார். சாயங்காலம் வேலை முடிந்து இறங்கும் பெண்கள் காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் வரிசையாக நின்று, கொண்டையை அவிழ்த்து, மடியை உதறிக் காட்ட வேண்டும். முதலாளியின் மகன், காலேஜில் படிக்கிறவன், நோட்டோடு நின்று பார்ப்பான். ஒரு நாள் இவர் கூந்தலிலிருந்து ஒரு காய் விழுந்தது. செடியின் தூருக்கடியில் குனிந்து காய் எடுக்கும்போது சிக்கியது என்று அழுதிருக்கிறார். பையன் நோட்டில் பெயரை எழுதினான். அதன்பின் அந்த வருடம் எந்தத் தோட்டத்திலும் இவருக்கு வேலை இல்லை. ஊரில் திருடி என்ற பெயர் மட்டும் இருந்தது.

தோட்டத்தின் பெயரையோ முதலாளியின் பெயரையோ அவர் சொல்லவில்லை.

நான் அந்தப் பதிவின் குறிப்புப் பெட்டியில் எழுதினேன்: 'பொய். எங்கள் தோட்டத்தில் இப்படி எதுவும் நடந்ததில்லை.'

எழுதியதும் நிம்மதியாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். எழுந்து போய் ஒரு டம்ளர் மோர் குடித்தேன்.

பட்டியலை அச்சிடும் நாள் வந்தது. பட்டியல் எந்த வடிவில் வர வேண்டும் என்பதற்கு அந்த மென்பொருளில் நூற்றுக்கணக்கான பாணிகள் இருந்தன. கௌசல்யா ஏற்கெனவே ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தாள். எனக்கு அது மெலிந்து தெரிந்தது. ஜவுளிக்கடையில் புடவையை விரித்துப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்து, 'விளக்கக் குறிப்புகளுடன்' என்று இருந்ததை எடுத்தேன். பெயரே கம்பீரமாக இருந்தது. இருபத்திரண்டு பக்கம் இருபத்தொன்பது ஆனது. நம் உழைப்புக்கு இப்போதுதான் மரியாதை கிடைத்தது என்று நினைத்தேன். முதல் பக்கத்தைச் சரிபார்த்தேன். அதில் அரசு அறிக்கைகள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு நான் குறிப்பு எழுதியிருக்கவில்லை (ஓய்வூதியம் வாங்குகிறவன்). மிச்சம் இருபத்தெட்டுப் பக்கங்களை நான் பார்க்கவில்லை.

"சரியா இருக்கா மாமா?" என்று கௌசல்யா கேட்டாள்.

"கண்ணை மூடிக்கொண்டு கொடும்மா" என்றேன். கொடுத்தாள். நெறியாளரும் கண்ணை மூடிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தம் நூலைப் பற்றி நான் எழுதியதைப் பார்த்திருந்தால் போட்டிருக்க மாட்டார்.

சில மாதங்கள் கழித்து மதுரையில் வாய்மொழித் தேர்வு. பொதுவில் நடப்பதால் யாரும் போய் உட்காரலாம். வேன் பிடித்தோம். வழியில் சிலமலையில் பேச்சியம்மாளையும் ஏற்றிக்கொண்டோம். கௌசல்யாதான் கூப்பிட்டிருந்தாள். அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் கடைசி சீட்டுக்குப் போய், மதுரைவரை தூங்குவதுபோல் நடித்தேன்.

புறத்தேர்வாளராக வந்தவர் அந்த வெளியூர்ப் பேராசிரியை. ஏலக்காய் மரத்தில் காய்க்கும் என்று நான் சொன்னேனே, அவரேதான். ஒரு மணி நேரம் நன்றாகவே போயிற்று. கௌசல்யா கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னாள். என் மனைவி சரோஜா, "எப்படிப் பேசுறா பாருங்க" என்று என் தொடையைத் தட்டினாள்.

அப்போது பேராசிரியை கண்ணாடியை மாற்றிக்கொண்டு, "துணைநூற்பட்டியலுக்கு வருவோம்" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாராட்டு வருகிறது என்று சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

"நான் பட்டியலை முழுசாப் படிக்கிறவ. இது மாதிரி ஒரு பட்டியலை நான் படிச்சதே இல்ல" என்றார். பிறகு வாசிக்கத் தொடங்கினார். ஜீப்பை விட்டு இறங்காத ஆசிரியர் முதலில் வந்தார். எட்டு எம்.எம். வந்தது. மாணவர்கள் சிரித்தார்கள். நெறியாளரின் நூல் வந்தபோது நெறியாளரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். "அப்புறம் நான் மரம்னு எங்கயும் எழுதலம்மா. செடின்னுதான் எழுதியிருக்கேன். பக்கம்கூடச் சொல்வேன்" என்று அவரே சிரித்தார்.

கௌசல்யா மட்டும் சிரிக்கவில்லை. தன் பிரதியில் அந்தப் பக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் போகட்டும். இதுக்குத்தான் பதில் வேணும்" என்று பேராசிரியை அடுத்ததை வாசித்தார். "பேச்சியம்மாள், சிலமலை. பொய். எங்கள் தோட்டத்தில் இப்படி எதுவும் நடந்ததில்லை."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்க மூணாவது அத்தியாயம் முழுக்க இந்த அம்மா சொன்னதுதான். உங்க பட்டியலே அவங்க பொய் சொல்றாங்கன்னு சொல்லுது. நான் எதை நம்பணும்? இன்னொண்ணு, அவங்க பேட்டியில தோட்டத்தோட பேரே இல்ல. அப்ப 'எங்கள் தோட்டம்'னு சொல்றது யாரு? உங்க குடும்பத் தோட்டமா? அதை மறைச்சிட்டா ஆய்வு பண்ணீங்க? இதுக்குச் சரியான பதில் இல்லாம நான் பரிந்துரை பண்ண முடியாதும்மா."

ஒரு காயோடு மாட்டிய திருடனாவது கொஞ்சம் திறமைசாலி. ஊர், பேர் தெரியாமல் இருந்த ஒரு குற்றத்துக்கு என் முகவரியை நானே எழுதி, பக்க எண் போட்டு, பைண்டு செய்து அனுப்பியிருக்கிறேன்.

கௌசல்யா திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை. "என் தப்புதாம்மா. சரிபார்க்காம விட்டுட்டேன்" என்றாள்.

முன்வரிசையில் இருந்த பேச்சியம்மாள் பக்கத்திலிருந்த மாணவியிடம், "என்ன ஆத்தா வாசிச்சாக? எம்பேரு வந்துச்சே?" என்று கேட்டார். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பேச்சியம்மாள் கௌசல்யாவை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பொய்யின்னா எழுதி வச்சிருக்க தாயி? எங்கூட ஜீப்புல வந்தியே, எங்க வீட்டுல சோறு தின்னியே. சரி விடு. நான் வெரசாப் போயி பஸ்சப் புடிக்கிறேன்."

"ஆத்தா, நான் எழுதலத்தா" என்றாள் கௌசல்யா.

நான் அப்போதும் எழவில்லை. இதை எழுதத்தான் எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது. கீழே விழாத மூக்குக்கண்ணாடியைக் குனிந்து தேடினேன். சரோஜா குனிந்து என் காதில், "கண்ணாடி மூக்குலதான் இருக்கு. எந்திரிங்க" என்றாள்.

எழுந்தேன்.

"எழுதியது நான்" என்றேன். மேடைத்தமிழ் அத்தோடு தீர்ந்துவிட்டது. "நான் கௌசல்யாவோட மாமனார். அது எங்க அப்பா தோட்டம். மருமகளுக்கு இது எதுவும் தெரியாது. இந்த அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. நான் எழுதினதுதான் பொய். நோட்டு வச்சுக்கிட்டு நின்ன பையன் நான்தான்."

பேச்சியம்மாள் வாசலில் நின்று திரும்பினார்.

"அன்னைக்கு அம்புட்டு அழுது சொன்னேனே, காயி சிக்கிக்கிருச்சுன்னு. காதுல விழுந்துச்சா, இல்லையா?"

"விழுந்துச்சு."

"நம்புனீகளா?"

"நம்பினேன்."

"நம்பிட்டுமா எழுதுனீக?"

"அப்பா பக்கத்துல நின்னாரு. நீங்க... உங்க பேரைச் சொன்னீங்க. எழுதிட்டேன்."

அவரை 'நீங்கள்' என்று நான் சொன்னது அதுதான் முதல் முறை. அவரும் அதைக் கவனித்திருப்பார். "வேன்ல தூங்குற மாதிரி நடிக்கையிலேயே நெனச்சேன்" என்றார். "எனக்குத் தெரியாதா சின்ன மொதலாளிய? இந்தப் புள்ள முகத்துக்காகத்தேன் பேரு சொல்லாம விட்டேன். நீங்களா வந்து மாட்டிக்கிட்டா நான் என்ன செய்ய?"

மறுபடி சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் நான் நின்ற நேரம், ஸ்டோர் வாசல் வரிசையில் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்பதில் கால்பங்கையாவது எனக்குக் காட்டியது. கால்பங்குதான்.

பேராசிரியை பட்டத்துக்குப் பரிந்துரை செய்தார். இரண்டு நிபந்தனைகள் போட்டார். குறிப்புகள் நீக்கப்பட வேண்டும். மாமனாரையும் பேட்டி எடுத்து, தகவலாளர் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கௌசல்யா இரண்டு வாரம் என்னோடு தேவைக்குமேல் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பதிவுக் கருவியை வைத்து, யாரோ அந்நியரிடம் கேட்பதுபோல, "உங்க பேரு? வயசு?" என்று ஆரம்பித்தாள். இரண்டு மணி நேரம் சொன்னேன். நோட்டில் எழுதியது பேச்சியம்மாள் பெயரை மட்டுமல்ல என்பதையும் சொன்னேன். முடிந்ததும், "நன்றி ஐயா" என்று கருவியை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம்தான் பழையபடி "மாமா, காப்பி" என்ற குரல் வந்தது.

திருத்திய ஆய்வேட்டைச் சிலமலைக்குக் கொண்டுபோய், பேச்சியம்மாளிடம் முழுவதும் வாசித்துக் காட்டினாள். என் பேட்டியையும் வாசித்துவிட்டு, "மாமா பேருக்கு நேரா குறிப்புல என்ன போடட்டும் ஆத்தா?" என்று கேட்டிருக்கிறாள்.

பேச்சியம்மாள் யோசித்துவிட்டு, "மெய்தேன்னு போடு. லேட்டுன்னும் போடு" என்றாராம்.

அச்சில் அது இல்லை. மென்பொருளில் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருக்கிறது. சாப்பிட்டு முடித்துவிட்டு ரசத்தில் உப்பில்லை என்றால், "மெய்தேன், லேட்டு" என்கிறாள் சரோஜா. மழை வரும்போலிருக்கிறது என்று நான் நனைந்துகொண்டே வந்து சொன்னால், மகனும் அதையே சொல்கிறான்.

போன மாதம் பேச்சியம்மாள் பேத்திக்குக் கல்யாணம். எங்களுக்கும் பத்திரிகை வந்தது. கௌசல்யாவும் சரோஜாவும் முதல்நாளே போய்விட்டார்கள். நான் போக வேண்டுமா, எந்த முகத்தோடு போவது என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துவிட்டுக் கிளம்பியதில், மண்டபத்துக்குள் நுழையும்போது தாலி கட்டி முடிந்திருந்தது. மணமேடையில் நின்ற பேச்சியம்மாள் என்னைப் பார்த்துவிட்டார்.

"கௌசல்யா, உங்க மாமா வந்தது மெய்தேன்!" என்று அங்கிருந்தே கத்தினார்.

"லேட்டு!" என்றது சிலமலை மொத்தமும்.

நான் தலையைக் குனிந்தபடி நேராகப் பந்திக்குப் போனேன். அங்கே எனக்கு இலை போட்டவரும் அதையேதான் சொன்னார்.