நீங்க ஒருத்தர் வந்தா போதும்

"இந்தப் பல்கலைக்கழகம் இந்த ஊருக்கு..." என்று துணைவேந்தர் ஆரம்பித்ததும் மின்சாரம் போயிற்று. மைக் செத்தது, விசிறிகள் நின்றன. அலுவலகக் கண்காணிப்பாளர் முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

பன்னிரண்டே வயதான பல்கலைக்கழகம். இதை மூடிவிட்டு, மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள பெரிய பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிடலாமா என்று முடிவு செய்ய வந்த குழுத் தலைவி, ஆண்டு விழாவின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கண்காணிப்பாளரின் மகள் இங்கேதான் இரண்டாம் ஆண்டு. தாயில்லாத பெண், தம்பிக்குச் சமைத்து வைத்துவிட்டு வகுப்புக்கு வருபவள். அவள் வெளியூர் போய்ப் படிப்பது நடக்கிற காரியமில்லை.

அரங்கம் காலியாகக் கிடந்துவிடக் கூடாதே என்று, பழைய மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கெஞ்சியிருந்தார். "வேற யாரும் வரலைன்னாலும் பரவாயில்ல. நீங்க ஒருத்தர் வந்தா போதும்." நாம் ஒருவர்தானே, குடியா முழுகிவிடும் என்று அத்தனை பேரும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். வாசல்வரை கூட்டம்.

மின்சார ஆபீஸ் இன்ஜினியருக்குப் போன் போட்டார். நாலாவது வரிசையில் மணி அடித்தது.

"சொல்லுங்க சார்."

"நீங்க இங்க இருந்தா அங்க யாருய்யா?"

"ரெண்டு லைன்மேன் இருக்காங்க சார்."

பின்வரிசையில் இரண்டு தலைகள் குனிந்துகொண்டன. மூவரையும் வெளியே விரட்டினார்.

பட்ட காலிலே படும் என்பார்கள். புழுக்கம் தாங்காமல் குழுத் தலைவி மயங்கிச் சரிந்தார். கண்காணிப்பாளர் ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டார். ஆறாவது வரிசையில் அடித்தது. டாக்டர் ஓடிவந்தார், பின்னாலேயே நான்கு நர்ஸுகள்.

"ஆம்புலன்ஸ்!"

மாலை வகுப்பில் பட்டம் வாங்கிய டிரைவர் கை தூக்கினார். "இங்கதான் நிக்குது சார். ஆனா எடுக்க முடியாது. முன்னாடி பள்ளிக்கூட பஸ். டீச்சருங்க எல்லாரும் அதுலதான் வந்தாங்க."

"அப்ப பஸ்ஸை எடுக்கச் சொல்லுய்யா!"

பஸ் கிளம்புகிறதென்று டீச்சர்கள் எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததைப் பார்த்து, விழா முடிந்துவிட்டதென்று மற்றவர்களும் கலைந்தார்கள். ஐந்தே நிமிடத்தில் அரங்கம் காலி.

துணைவேந்தர் பல்லைக் கடித்தார். "அந்தம்மா கண்ணைத் திறந்தா வெறும் நாற்காலியைத்தான் பார்க்கப் போறாங்க. எல்லாம் உங்க கைங்கரியம்!"

கண்காணிப்பாளர், மகளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் கண் கலங்கி நின்றார்.

டாக்டர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்ததும், தலைவி காலி நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நான் கேட்டது ஒரே கேள்விதான். இது இல்லாட்டி ஊருக்கு என்ன குறைஞ்சு போயிடும்?"

துணைவேந்தரிடம் நாற்பது பக்கப் பதில் இருந்தது. அரையிருட்டில் ஒரு எழுத்தும் தெரியவில்லை.

அப்போது தலைவியின் கார் டிரைவர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். தலைவி மயங்கியதுமே மாத்திரை வாங்க ஓடியவர், வெறுங்கையோடு நின்றார்.

"மருந்துக்கடை பூட்டியிருக்கும்மா. ஆஸ்பத்திரில ஒரு டாக்டர் இல்ல. தபால் ஆபீஸ்ல ஈ காக்கா இல்ல. பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர் ஒத்தை ஆளா பத்து வகுப்பையும் மேய்க்கிறார். எல்லாரும் எங்கய்யான்னா, யுனிவர்சிட்டில படிச்சவங்க, விழாவுக்குப் போயிட்டாங்கன்னு சொல்றார்."

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இது இல்லாட்டி ஊர் எப்படி இருக்கும்னு வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தீங்களேம்மா... இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன்."