கிழங்கு முற்றியதற்கான சான்றிதழ்

ஒரு காட்டில், பதிவேட்டில் மட்டும் ‘தரிசு’ என்றிருந்த ஒரு காட்டில், காத்தாயி என்ற முள்ளம்பன்றி நாலு பாத்தி சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டிருந்தாள். புருஷன் இல்லை. மூன்று குட்டிகள். மழைக்காலம் முழுக்க அந்தக் கிழங்குதான் சாப்பாடு.

கொடி நட்டு நாலு மாதமாயிற்று. இலை பழுத்தது. தூரைச் சுற்றி மண் வெடித்தது. தோண்டலாம் என்று போனவளை வேலியோரப் பலகை தடுத்தது: ‘முதிர்ச்சிச் சான்றிதழ் இன்றிக் கிழங்கு தோண்டுவது குற்றம்.’

சான்றிதழ் தரும் அலுவலகத்துக்கு ஓடினாள். வரிசை வாசல் மரத்தைச் சுற்றி இரண்டு வளையம் போட்டிருந்தது. முள்ளுக்குப் பயந்து பின்னால் யாரும் இடிக்கவில்லை, அது ஒன்றுதான் சௌகரியம். மூன்றாம் நாள் ஜன்னலை எட்டினாள். உள்ளே குமாஸ்தா பரமானந்தம், உடும்பு.

“ஐயா, கிழங்கு முத்திடுச்சுங்க. சான்றிதழ் வேணும்.”

“ஆதாரம்?”

“மண்ணு வெடிச்சிருக்குங்க.”

“வெயிலுக்கும்தான் வெடிக்கும். ஒரு கிழங்கைக் கொண்டா, வெட்டிப் பாக்கணும். பால் வெள்ளையாக் காஞ்சா முத்தல். கறுத்தா பிஞ்சு.”

“இப்பவே தோண்டிட்டு வர்றேங்க.”

“சான்றிதழ் இல்லாமயா?” என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினார் பரமானந்தம்.

காத்தாயி வழியெல்லாம் அழுதாள். வானம் வேறு இருண்டு வந்தது. மழை பிடித்தால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும்.

தோட்டத்தில் ஒரு பாத்தியைக் காணோம். நடுவில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தான் காட்டுப்பன்றி கொம்பையா.

“அடப்பாவி! எம்புள்ளைங்க சோறுடா அது!”

“நல்ல பதம், அக்கா,” என்றான் வாய் நிறைய. “இன்னும் பத்து நாள் விட்டிருந்தா வண்டு விழுந்திருக்கும்.”

காத்தாயி திரும்ப ஓடி, பக்கத்து ஜன்னலில் திருட்டுப் புகார் கொடுத்தாள். அங்கே வரிசையே இல்லை. அந்த ஜன்னலுக்கும் பரமானந்தம்தான். பத்தே நிமிடத்தில் தோட்டத்துக்கு வந்துவிட்டார்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘களவு போன கிழங்கு முத்தலா, பிஞ்சா?’ கொம்பையா கடித்து வைத்திருந்த கிழங்கை வெட்டி, காயும்வரை காத்திருந்தார். பால் வெள்ளையாகவே இருந்தது. ‘முத்தல்’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

காத்தாயி எட்டிப் பார்த்தாள். “ஐயா, முத்தல்னு எழுதியிருக்கு. முத்திரையும் இருக்கு. தோண்டலாமுங்களா?”

பரமானந்தம் வாலைச் சொறிந்தார். “சட்டத்துல இதுக்குத் தடை இல்ல,” என்று சொல்லி, வெட்டிய கிழங்கைச் சாட்சிப் பொருளாக வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

குட்டிகளோடு சேர்ந்து, மழை விழுமுன் மூன்று பாத்தியையும் தோண்டி முடித்தாள் காத்தாயி.

அடுத்த ஆண்டு கொம்பையா வீட்டு வாசலில் கூட்டம். “அண்ணே, எங்க தோட்டத்துக்கு எப்ப திருட வர்றீங்க?”

“இந்த வாரம் முடியாதுப்பா,” என்றான் கொம்பையா. “டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க.”

நீதி: கிழங்கு முற்றியது கொடிக்குத் தெரியும், திருடனுக்கும் தெரியும். அலுவலகத்துக்குத் தெரிய வேண்டுமானால் திருடனைத்தான் அனுப்ப வேண்டும்.