முன்னறையில் ஓர் அருங்காட்சியகம்

வாயால் பேசி மனைவியை ஜெயிக்க முடியாது, கண்ணால் காட்டித்தான் ஜெயிக்க வேண்டும் என்று ரேடியோக்காரர் முடிவு கட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது. பெரிய முடிவுகள் எல்லாம் அவருக்கு அப்போதுதான் வரும். வாயில் நுரை இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் வீட்டில் அவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

விவகாரம் முன்னறை. தெரு முனையில் அவருக்கு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. ஆனால் ரேடியோக்கள் எல்லாம் என்னவோ வீட்டில்தான் குடியிருந்தன. பாடாத ரேடியோ, சுற்றாத இசைத்தட்டுப் பெட்டி, வாய் பிளந்த ஒலிபெருக்கி, நாடா வெளியே தொங்கும் டேப் ரெக்கார்டர். தரையிலிருந்து ஜன்னல் கம்பி வரைக்கும் அடுக்கு. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், மூச்சை இழுத்துப் பிடித்தால். வருகிற சொந்தக்காரர்கள் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டு நின்றபடியே கிளம்புவார்கள். ஒரு முறை அவருடைய சித்தப்பா திரும்பும்போது முழங்கை எதிலோ இடித்துவிட்டது. பல வருஷமாக வாய் திறக்காத ரேடியோ ஒன்று திடீரென்று வானிலை அறிக்கை வாசித்தது. அதற்குப் பிறகு சித்தப்பா அந்தப் பக்கமே வருவதில்லை.

அந்த அறை அவர் மனைவிக்கு வேண்டும். நல்ல குரல் அவளுக்கு. கல்யாணத்துக்கு முன்னால் முறையாகப் பாட்டுக் கற்றவள். தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள், மாடிப்படியில் உட்கார்ந்து. படிக்கு ஒரு பிள்ளை. மாடி வீட்டுக்காரர் இறங்கினால் பாட்டு பாதியில் எழுந்து நின்று வழிவிடும். மழை வந்தால் அன்றைக்குப் பாட்டே கிடையாது. இப்போது அந்தப் படிக்கும் ஆபத்து வந்துவிட்டது. வர்ற மாசத்திலிருந்து இங்கே உட்கார வேண்டாம்மா, என் முழங்காலுக்குக் கைப்பிடிச் சுவர் பக்கமே வேணும் என்று மாடி வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. முழங்கால் அப்படி.

முன்னறையைக் காலி பண்ணிக் கொடுங்கள் என்று அவள் கேட்டாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். தினமும் கேட்டாள். அவர் ஒவ்வொரு தடவையும், இது குப்பை இல்லை, சரித்திரம் என்றார். சரித்திரத்துக்கு யார் தூசி தட்டுவது என்று அவள் கேட்பாள். அவர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த வாரம் பார்த்துக் கடை வாசலில் குழாய் போடுவதற்குப் பள்ளம் தோண்டினார்கள். கடை திறக்க வழியில்லை. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அறிவித்தார். "கிளம்பு. இந்த மாநிலத்துல இருக்கற மியூசியம் எல்லாத்தையும் பார்த்துட்டு வரலாம்."

ராஜாக்கள் ஆண்ட மண், பாட்டுக்காரர்கள் பிறந்த மண், ஊருக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, நாம் ஒன்றுகூடப் பார்த்ததில்லையே என்று அவர் உருகினார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கைக்குழந்தைக்குத் துணி எடுத்து வைக்கப் போனாள்.

முதலில் ஓர் அரண்மனை. ராஜாவின் படுக்கை, ராணியின் கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டி ரேடியோக்காரர் நேராக ஓர் உடைந்த பானையின் முன்னால் போய் நின்றார். பானைகூட இல்லை, பானையின் கழுத்து மட்டும். அதற்குக் கண்ணாடிப் பெட்டி, தனி விளக்கு, அடியில் பட்டுத் துணி. பார்த்தாயா, உன்னிடம் விட்டிருந்தால் இதை எப்போதோ பெருக்கித் தள்ளியிருப்பாய் என்றார். அவள் குழந்தையை அவர் தோளுக்கு மாற்றிவிட்டு, பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்தது ஒரு மலையூர். அங்கே துருப்பிடித்த வாள். அதற்கடுத்த ஊரில் மூக்கு போன சிலை. எங்கே எது உடைந்திருக்கிறதோ அங்கே அவர் முகம் மலர்ந்தது. மூக்கு இல்லாததற்கு இவ்வளவு மரியாதை என்றால், குமிழ் இல்லாத ரேடியோவுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குக் கேட்டார். அவளோ காவலுக்கு உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், உள்ளே தண்ணீர் குடிக்கலாமா, கால் வலித்தால் உட்கார விடுவீர்களா. பொம்பளைகளுக்கு எங்கே போனாலும் வம்பு பேச ஆள் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, அவர் குழந்தையையும் பையையும் சுமந்தார்.

கடைசியாக இசைக் கருவிகளின் அருங்காட்சியகம். பழைய பண்டிதர்கள் வாசித்த நரம்பு வாத்தியங்கள், தோல் கிழிந்த மேளங்கள், மூங்கில் வெடித்த குழல்கள். ஒரு மூலையில் யாரோ எப்போதோ பாடிய பாட்டு மெதுவாக ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் அதற்கு எதிரே நின்று, தனக்கே கேட்கிற மாதிரி கூடவே பாடினாள். அவர் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்தி அம்மா பக்கம் திரும்பியது. ரேடியோக்காரருக்கு அறையைக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. நல்லவேளை, அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

அங்கே முக்காலியில் ஓர் அம்மாள் காவலுக்கு இருந்தார். அவரிடமும் இவள் ஆரம்பித்துவிட்டாள். இந்த வாத்தியத்திலிருந்து ஒரு நரம்பு அவசரத்துக்கு வேண்டுமென்றால் எடுக்க விடுவீர்களா?

"ஒரு நரம்பா? தூசியைக்கூட நாங்களாத் தொட மாட்டோம், கண்ணு."

"பெரிய அதிகாரியே வந்து கேட்டா?"

"கேட்டா முதல்ல அவரைத்தான் வெளிய அனுப்பணும். எடுத்துப் புழங்கினா அப்புறம் அது மியூசியமா, கடையா?"

திரும்பும்போது பஸ்ஸில் ரேடியோக்காரர் தொண்டையைச் செருமினார். "இப்ப என்ன சொல்றே?"

"நீங்க சொன்னதுதான் சரிங்க," என்றாள் அவள். "நம்ம முன்னறை மியூசியமேதான்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கேட்டறியாத வாக்கியம் அது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். மீதி வழியெல்லாம் அவர் வாய் திறந்தபடி நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலையில் எழுந்து வந்தால் முன்னறை வாசலில் குறுக்கே ஒரு கயிறு. துணி காயப்போடுகிற கயிறுதான், ஆனால் முடிச்சு அரண்மனை முடிச்சு. பக்கத்தில் முக்காலி. முக்காலியில் மனைவி, மடியில் குழந்தை. உள்ளே உட்காரக் கூடாது, சாயக் கூடாது, தேநீர் கொண்டுபோகக் கூடாது, சாயங்காலம் பூட்டிவிடுவோம் என்றாள். எல்லா ஊரிலும் அதுதான் வழக்கமாம்.

அவருக்கு முதலில் பெருமை பிடிபடவில்லை. பக்கத்துக் கடை முடிதிருத்துகிறவரைக் கூப்பிட்டு வந்து காட்டினார். வந்தவர் பார்த்தபடியே ஒலிபெருக்கியில் லேசாகக் கை ஊன்ற, கையை எடுங்கண்ணே என்று முக்காலியிலிருந்து குரல் வந்தது. முடிதிருத்துகிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோர்ட்டுக்கு வந்தவர் மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலத் தேநீரை ரேடியோக்காரர் சமையலறையில், அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்து குடித்தார். சரித்திரத்துக்காக இதுகூடப் பொறுக்க மாட்டோமா என்று இருந்துவிட்டார்.

பள்ளத்தை மூடினார்கள். கடை திறந்தது. திறந்ததும் முதல் ஆளாக பேக்கரிக்காரர் வந்தார். அவருடைய ரேடியோ ஊமையாகிவிட்டது. ரேடியோ பாடாமல் அவருக்கு மாவு பிசைய வராது. சாயங்காலத்துக்குள் பாட வைக்கிறேன் என்று இவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே பல்பு மாதிரி எரிகிற வால்வு போயிருந்தது. அது இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து, சாதாரணமாக நடப்பவர் மாதிரி நடந்து, கயிற்றுக்கு அடியில் குனிந்தார்.

"எங்க போறீங்க?"

"உள்ளதான். ஒரு நிமிஷ வேலை."

"சட்டைப் பையில என்ன?"

"ஸ்க்ரூ டிரைவர்."

அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே, "மியூசியத்துக்குள்ள ஸ்க்ரூ டிரைவரோட யாராவது போவாங்களா?" என்றாள்.

"பேக்கரிக்காரருக்கு ஒரு வால்வு வேணும். அந்தப் பச்சை ரேடியோவுல நல்லதா ஒண்ணு இருக்கு. கழட்டிட்டு வந்துடறேன்."

"சரித்திரத்தையா கழட்டப் போறீங்க?"

குனிந்த இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கடையில் பேக்கரிக்காரர் மாவுக் கையோடு காத்திருந்தார். ரேடியோக்காரர் பொறுமை இழந்தார்.

"நான் என்னமோ புதுசா எடுக்கற மாதிரி பேசறியே. எப்பவும் எடுக்கறதுதானே? அந்த நீல ரேடியோவுல பாதி இப்ப தபால்காரர் வீட்டுல பாடுது. ஒலிபெருக்கி வெறும் கூடு, உள்ள ஒண்ணும் கிடையாது. இதெல்லாம் உதிரிபாகம். உதிரிபாகத்தை எடுக்காம என்ன பண்றது?"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நாக்குக்கு வலித்ததே தவிர, சொன்னது திரும்பி வரவில்லை.

அவள் எழுந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கயிற்றின் முடிச்சை ஒற்றைக் கையால் அவிழ்த்தாள்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா ஊர் ஊரா அலைஞ்சிருக்க வேண்டாமே. எடுத்துப் புழங்கற சாமான்னா கடையிலதானே இருக்கணும்?"

"கடையில இடம் ஏது?"

"பின்னாடி ஒரு ரூம் இருக்கே."

"அதுல சரக்கு இருக்கு."

"என்ன சரக்கு? ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு மேஜை விசிறி. மத்தியானம் போனா சரக்கு குறட்டை விடுதுன்னு பேக்கரிக்கார அக்கா சொன்னாங்க."

ரேடியோக்காரர் நிமிர்ந்தார். பேசுவதற்கு வாயைத் திறந்தார். ஒலிபெருக்கி மாதிரியே திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

தள்ளுவண்டியை முடிதிருத்துகிறவர் இரவல் கொடுத்தார். சாமான்களை ஏற்றி இறக்கியது ரேடியோக்காரர்தான், அவற்றின் அருமை அவருக்குத்தானே தெரியும் என்று மனைவி சொல்லிவிட்டாள். கடைசி நடை முடிந்தபோது கடையின் பின்னறையில் பாயைச் சுருட்டி வைக்கக்கூட இடம் இல்லை. பேக்கரிக்காரரின் ரேடியோ மட்டும் சொன்னபடி சாயங்காலமே பாடியது.

அடுத்த நாள் முன்னறையைக் கழுவித் துடைத்தார்கள். அதற்கு இவ்வளவு பெரிய ஜன்னல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் பிள்ளைகள் வரிசையாக வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். யாரும் யாருக்கும் எழுந்து வழிவிட வேண்டியிருக்கவில்லை. மாடி வீட்டுக்காரரே இறங்கி வந்து வாசலில் ஒரு காலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனார்.

கடை பூட்டி வந்த ரேடியோக்காரருக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்தும் சாயாமலும் ஓர் ஓரமாக நின்றார். பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட எதிர்வீட்டு அக்கா அவரைப் பார்த்துவிட்டு, என்ன, உங்க வீட்டுக்காரர் மட்டும் இப்படி நிற்கிறார் என்று மெதுவாக விசாரித்தாள்.

மனைவி தாளம் போடுவதை நிறுத்தவில்லை.

"பழசுல அது ஒண்ணுதான்க்கா பாக்கி. கடையில இடம் பத்தல."