பங்காளி வயலில் இறங்கிய நாள்

இலங்கை மலையகத்தில், எங்கள் லிந்துலை வட்டாரத்திலேயே, பங்காளி அளவுக்கு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட மனிதர் வேறு யாரும் கிடையாது.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் மிஷினில் அவருக்கு வேலை. பார்ப்பவரையெல்லாம் "பங்காளி" என்பார். வெள்ளைக்காரத் துரையைக்கூட ஒருமுறை அப்படி அழைத்தார். அர்த்தம் தெரியாத துரை தொப்பியைத் தூக்கிச் சிரித்தார். நான் அங்கே கணக்கெழுதும் கிளாக்கர். துரை என்னைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கொத்மலைப் பள்ளத்தாக்கில் நெல் பயிரிடும் பண்டா என் சிநேகிதன். சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் அவனிடம் இரண்டு வருஷம் சிங்களம் பேசிப் பழகி, ஒருவழியாக அவன் ஊருக்கு அழைப்பு வாங்கியிருந்தேன். பங்காளி மோப்பம் பிடித்துவிட்டார்.

"நானும் வர்றேன் பங்காளி. கூப்பனுக்குக் கடையில குடுக்குற அரிசியத்தான் பாத்திருக்கேன். நெல்லு வயல்ல எப்படி நிக்கும்னு ஒருவாட்டி பாக்கணும்."

அதற்குமேல் எப்படி மறுப்பது?

பண்டா வீட்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள். பீங்கான் கோப்பையில் தேநீர். மனப்பாடம் செய்திருந்த சிங்களத்தை எடுத்துவிடுவதற்குள் வெளியே ஒரே கூச்சல். பங்காளி சாரத்தை மடித்துக் கட்டி வயலில் இறங்கி, களை எடுப்பதாக நினைத்துக் கைநிறைய நெற்பயிரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்! தொலைந்தார் மனிதர் என்று எனக்குள் ஒரே குளிர்ச்சி.

பண்டாவோ சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். எது களை, எது நெல் என்று அவன் மனைவி பிரித்துக் காட்டினாள். பிடுங்கியதையெல்லாம், தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் பங்காளி ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டார். மத்தியானத்துக்குள் அவர் அந்த வீட்டுக்கு 'அய்யா' ஆகிவிட்டார். சிங்களத்தில் அண்ணன் என்று அர்த்தம். நான் 'மாத்தயா', அதாவது கனவான். அண்ணன் எல்லாரோடும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார். கனவானுக்கு நாற்காலியில் தனிச் சோறு. பாதியை அப்படியே வைத்துவிட்டேன். திடீரென்று பங்காளி என்னைக் காட்டி ஏதோ சைகை செய்தார், வீடே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். பங்காளி மடியை அவிழ்த்தார். உள்ளே இரண்டு எண்ணெய்ப் பணியாரம்.

"நீங்க சரியா சாப்பிடல. அதான் ஒங்களுக்குன்னு கேட்டு வாங்குனேன்."

"ஒங்களுக்குத்தான் ஒரு வார்த்தை சிங்களம் தெரியாதே. எப்படிக் கேட்டீங்க?"

"ஒங்களக் காட்டி, என் வயித்தத் தடவுனேன். சிரிச்சுக்கிட்டே குடுத்தாங்க பங்காளி."

இரண்டையும் நானே தின்றேன். லிந்துலை வரும்வரை அவர் தோளில்தான் சாய்ந்து தூங்கினேன்.